கோழி கேட்ட ஜெபம்

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, கோயில் வாசலில் நின்ற ஒரு பையன் என் கையில் ஒரு தாளைத் திணித்தான். எங்கள் சபையிலிருந்து வாலிபர் குழு ஒன்று கோடை விடுமுறையில் ஆப்பிரிக்காவுக்கு ஊழியம் செய்யப் போகிறதாம். தாளின் தலைப்பு ‘ஜெபக் குறிப்புகள்’. விமானச் சீட்டுக்காக ஜெபியுங்கள். கம்பளிச் சட்டைகளுக்காக ஜெபியுங்கள். நல்ல கீபோர்டு ஒன்றுக்காகப் பாரத்தோடு ஜெபியுங்கள். கடைசியில் தடித்த எழுத்தில், ‘நாங்கள் மனிதரிடம் எதையும் கேட்பதில்லை’ என்று போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே தொலைபேசி எண்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோயில் வாசலில் தனக்குத்தானே சிரிக்கிற கிழவனைப் பார்த்து மருமகள் பயந்துபோய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். தாளில் புது மை வாசனை அடித்தது. என் மூக்கில் ஏறியதோ வேறு வாசனை: மலைப் பனியில் நனைந்த ஆர்மோனியத் துருத்தியின் தோல் வாசனை.

நானும் ஒரு காலத்தில் மிஷனரிதான். அதுவும் வெளிநாட்டு மிஷனரி. சிரிக்காதீர்கள். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியாருக்குப் பயந்து படிப்பை விட்டவன் நான். நாசரேத்துப் பக்கம் ஒரு தையல் கடையில் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் உபதேசியார் ஐயாவுக்குத் திடீரென்று ஒரு தரிசனம். இலங்கையில் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ச் சனங்கள் இருளில் கிடக்கிறார்களாம், கோடையில் இரண்டு மாதம் போய் வெளிச்சம் காட்ட வேண்டுமாம். ஐயாவுக்குப் பிரசங்கம். ‘ஆமென்’ சொல்ல இரண்டு வாலிபர்கள். ஆர்மோனியத்துக்கு நான். வாசிப்பேன் என்பதைவிடத் தூக்குவேன் என்பதற்காகத்தான் சேர்த்தார்கள்.

புறப்படுமுன் ஐயா ஒரு சட்டம் போட்டார். “விசுவாசத்துல போறோம்ல. ஒரு மனுசன்கிட்டயும் வாய் திறந்து எதுவும் கேக்கக் கூடாது. தேவனிடத்துல மட்டும் கேக்கணும்.”

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. கப்பல் கவிழ்ந்தால்? பாஸ்போர்ட் நனைந்தால்? போலீஸ்காரன் கள்ளத்தோணி என்று பிடித்துக்கொண்டால்? தேவன் எல்லாம் தருவார், சரி; ஆனால் நேரத்துக்குத் தருவாரா? பொரி அரிசி மாவு, சுக்கு, பத்து வட்டு கருப்பட்டி எல்லாவற்றையும் துணியில் சுற்றி ஆர்மோனியப் பெட்டிக்குள் வைத்தேன். தனுஷ்கோடியில் கப்பல் ஏறி, தலைமன்னாரில் ரயில் ஏறி, மலைமேல் குளிரில் நடுங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்த இரண்டாம் நாளே ஐயா கண்டுபிடித்துவிட்டார். “அற்ப விசுவாசி!” என்று கால்மணி நேரம் திட்டினார். பிறகு, வீணாகப் போகக் கூடாது என்று கருப்பட்டியை அவரே கடித்துப் பால் விடாத தேயிலைச் சாயம் குடித்துத் தீர்த்தார்.

கொஸ்லந்தைக்குப் போகிற பாதையில் ஒரு தோட்டம். எங்களை வரவழைத்தவர் அங்கே பெரிய கிளாக்கர் என்கிற தலைமைக் குமாஸ்தா; யாழ்ப்பாணத்துக்காரர், எங்களைப் போலவே வேதக்காரர். அவருடைய வீட்டில் ஐந்து அறை. ஆனாலும் ஊழியக்காரர் சனங்களோடு இருப்பதே உத்தமம் என்று அவருக்குத் தோன்றியதால் லயத்தில் காலியாகக் கிடந்த ஒரு காம்பராவை ஒதுக்கிக் கொடுத்தார்.

லயம் என்றால் ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்துக் காம்பரா. ஒரு காம்பராவுக்கு ஒரு குடும்பம். நடுவில் சுவர் உண்டு, ஆனால் கூரை வரை போகாது. ஆள் உயரத்துக்கு மேலே எல்லாம் பொது: அடுப்புப் புகை, தாளிப்பு, குறட்டை, புருஷன் பெண்சாதி சண்டை, எங்கள் ஜெபம்.

ஐயாவுக்கு வெண்கலக் குரல். விளக்கு வைக்கிற நேரத்தில் முழங்காலில் நின்று, “ஆண்டவரே, அரிசி தீர்ந்துபோயிற்று. தேங்காய் அரை மூடிதான் இருக்கிறது. கறிக்கு ஒன்றுமே இல்லை, ராஜாவே!” என்று முறையிடுவார். காலையில் கதவைத் திறந்தால் வாசலில் அரிசி இருக்கும். ஒரு நாள் பூசணிக்காய். ஒரு நாள் சுடச்சுட ரொட்டி. வேதத்தில் தீர்க்கதரிசிக்குக் காகங்கள் சாப்பாடு கொண்டுவந்தனவே, அதே அற்புதம் என்று ஐயா கண்ணீர் விட்டார். வாலிபர்கள் ஆமென் சொன்னார்கள். எனக்கு மட்டும், காகம் பூசணிக்காயை எப்படித் தூக்கும் என்று கவலை.

மூன்றாம் வாரம் ஒரு விடியற்காலையில் காகத்தைப் பார்த்துவிட்டேன். வேலைக்கு ஆள் எண்ணுகிற பெரட்டுக்குத் தப்பு அடித்துக் கூப்பிடுமுன், பக்கத்துக் காம்பரா அக்கா முறத்தை ஏந்திக்கொண்டு கதவு கதவாகப் போய்க்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசி விழுந்தது. தோட்டத்தில் வாரம் ஒரு முறை அளந்து போடுகிற அரிசி அது. அவர்களுக்கே வெள்ளிக்கிழமைக்குள் தீர்ந்துவிடும்.

“என்னக்கா இது?”

“ஒங்க ஐயா நேத்து சொன்னாருல்ல தம்பி, அரிசி இல்லேன்னு.”

“அவர் எங்க ஆண்டவர்கிட்டல்லா சொன்னார் அக்கா?”

“ஒங்க ஆண்டவருக்குக் காது மந்தமா? இம்புட்டுச் சத்தமா சொல்றாரு! கீழ லயம் வரைக்கும் கேக்குதுங்க. கேட்டுட்டு எப்படிச் சும்மா இருக்கிறது?”

ஓடிப்போய் ஐயாவிடம் சொன்னேன். அவர் அசையவில்லை. “ஏலே, தன்னை யார் அனுப்புதான்னு காகத்துக்குத் தெரியுமால? கர்த்தர் அவ மனசுல ஏவுதாரு. நீ நடுவுல போய்க் கெடுக்காத.”

சாமி கும்பிட்டுத் திருநீறு பூசுகிற சனங்கள் எங்களுக்குச் சோறு போட்டார்கள். நாங்கள் அவர்களுக்கு வெளிச்சம் காட்டினோம்.

அக்காவுக்கு ஒரு மகள். ஏழு மாதக் கர்ப்பம். உதடுகூட வெளுத்துப்போய், வாசலில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கும். பிள்ளைக்கு ரத்தமே இல்லை, தினம் ஒரு முட்டையாவது கொடு, இப்படியே விட்டால் பதுளை ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், அந்த வளைவு ரோட்டை இது தாங்காது என்று தோட்டத்து மருத்துவச்சி சொல்லியிருந்தாள். அதற்காகவே அக்கா ஒரு கறுப்புக் கோழி வளர்த்தாள். முட்டை போட்டதும் அது கொக்கரிப்பதைக் கேட்டால்தான் எனக்கு அன்றைக்கு நிம்மதி. என் வீட்டுக் கவலை போதாதென்று அந்தக் கோழியின் கவலையையும் நான் பட்டுக்கொண்டிருந்தேன்.

ஏழாம் வாரம். ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் ஐயாவுக்கு அலுத்துவிட்டன. அன்று மாலை ஜெபத்தில் குரல் தழுதழுத்தது. “ஆண்டவரே, உமது ஊழியக்காரர் இறைச்சியைக் கண்டு ஏழு வாரமாயிற்று. எங்கள் சரீரம் சோர்ந்துபோகிறது. உமக்குச் சித்தமானால், ஒரு கோழி…”

அந்த லயத்தில் இருந்ததே ஒரு கோழிதான். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மியில் அரைக்கிற சத்தம் நின்றுவிட்டது.

அதுவரை நான் வாய்விட்டு ஜெபித்ததே இல்லை. நாலு பேர் முன்னால் பேசினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ! “ஆண்டவரே! கோழி வேண்டாம்! எங்களுக்குக் கோழி ஆகவே ஆகாது! எனக்குத் தின்றால் சொறி வரும். ஐயாவுக்கு மூலம் இருக்கிறது, சூடு தாங்க மாட்டார் ஆண்டவரே!”

பழக்க தோஷத்தில் வாலிபர்கள் இருவரும் “ஆமென்” என்றார்கள். சுவருக்கு அப்பால் மகள் களுக்கென்று சிரித்தது கேட்டது.

ஐயா ஒரு கண்ணைத் திறந்தார். “யாருக்குல மூலம்?”

“ஆண்டவருக்குத் தெரியாமலா இருக்கும் ஐயா.”

மறுநாள் முழுக்க ஐயா என்னை முறைத்துக்கொண்டே திரிந்தார். நான் மட்டும் உள்ளுக்குள் துள்ளிக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் முதல்முதலாக ஒரு காரியத்தைச் சாதித்துவிட்டதாக நினைப்பு. மாலை, பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த சனங்கள் குளித்து அடுப்பு மூட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் அக்கா வந்து வாசலில் ஒரு மண்சட்டியை இறக்கி வைத்தாள். திறக்க வேண்டியதே இல்லை, வாசனையே சொல்லிவிட்டது.

“மூலத்துக்குச் சூடு ஆகாதுன்னு மொளகக் கொறச்சிட்டு, சின்ன வெங்காயம் நெறையப் போட்டிருக்கேன் தம்பி. ஐயாவப் பயப்படாம சாப்பிடச் சொல்லுங்க. ஒங்களுக்குச் சொறி வந்தா வேப்பெண்ண இருக்கு, தாரேன்.”

“அக்கா, வேண்டாம்னுதானே நான் கத்தினேன்!”

“வேணாம்னு சொல்ற விருந்தாளிக்கித்தான் மொதல்ல வைக்கணும். நாளைக்கி ஊருல போயி எங்களப் பத்தி என்ன சொல்லுவீங்க?”

“பிள்ளைக்கு முட்டை?”

“பாத்துக்கலாம் போங்க.” திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

ஐயா ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது. தொடைக்கறி எனக்குத்தான் வந்தது. தின்றேன். ருசியாகவும் இருந்தது. சொறி வந்தாலாவது மனசு ஆறும் என்று இரண்டு நாள் முழங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் வரவில்லை.

மூன்றாம் நாள் ஐயாவின் சட்டத்தை மீறினேன். பெரிய கிளாக்கர் வீட்டுக்குப் போய், அந்தப் பிள்ளைக்கு முட்டையோ ஒரு டின் பாலோ கிடைக்குமா என்று மனிதனிடமே வாய் திறந்து கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உமக்கேன் தம்பி இந்த வேலை? உங்கட உபதேசியார் நல்லாச் செபிப்பார் எல்லோ, அவரிட்டச் சொல்லுமன்.”

அதற்குமேல் எனக்குத் தைரியம் இல்லை. அடுத்த வாரம் எங்கள் விசா முடிந்தது. புறப்பட்ட அன்று லயமே வாசலுக்கு வந்து நின்றது. மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, “சொறி போயிருச்சா அண்ணே?” என்று கேட்டுச் சிரித்தது. பல் ஈறெல்லாம் வெள்ளை. பண்டாரவளை ஸ்டேஷன் வரை அந்தச் சிரிப்புதான் கனத்தது; ஆர்மோனியம் கனக்கவே இல்லை.

ஊருக்கு வந்ததும் ஐயாவின் அறிக்கை சபைப் பத்திரிகையில் வந்தது. அறுபது நாள் யாரிடமும் கேட்கவில்லை, ஒரு வேளையும் பட்டினியில்லை, தேவன் பறவைகளின் மாம்சத்தையும் கட்டளையிட்டார் என்று எழுதியிருந்தார். அதைப் படித்துத்தான் எங்கள் ஊரில் மூன்று பேர் முழுநேர ஊழியத்துக்குப் போனார்கள்.

பத்துப் பதினைந்து வருஷம் கழித்து, இரண்டு அரசாங்கமும் பேசிவைத்துக்கொண்டு அந்தச் சனங்களை இங்கே கப்பல் கப்பலாக அனுப்பினார்கள். மண்டபம் முகாமுக்கு ஒரு நாள் பஸ் ஏறிப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த ஆள், “பேர் என்ன?” என்றான். “அக்கா” என்றேன். தகப்பன் பெயர்? புருஷன் பெயர்? இரண்டு மாதம் அவள் கையால் தின்றிருக்கிறேன். பெயரை நாங்கள் யாருமே கேட்கவில்லை.

தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் வரிசையில் நின்ற ஒரு பெரியவர் திரும்பினார். “அந்த லயத்த இடிச்சிட்டாங்கய்யா. பாதிப் பேரு நீலகிரி, பாதிப் பேரு அங்கயே. நீங்க யாரத் தேடுறீங்க?”

“ஒரு அக்கா. மகள் மாசமா இருந்தது, ரொம்ப வெளுத்துப்போய்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எல்லா அக்காவுக்கும் மக இருந்துச்சு. எல்லாம் வெளுத்துப்போயித்தான் இருந்துச்சுங்க. நீங்க எதக் கேக்குறீங்க?”

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோயிற்று. அந்தக் கப்பலும் இல்லை. ஐயாவின் கல்லறையில் ‘விசுவாச வீரர்’ என்று வெட்டியிருக்கிறது. எழுத்தில் பாசி பிடித்துவிட்டது. அந்த மகளின் பிள்ளை பிறந்து பிழைத்திருந்தால் இப்போது ஐம்பது வயது தாண்டியிருக்கும். ஆணா பெண்ணா என்பதுகூட எனக்குத் தெரியாது.