அத்தையின் ரோஸ் அறை

பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது நீங்கள் இருவரும் என்னைக் கேலி செய்தீர்கள். "அப்பா எந்த வீட்டை அலங்காரம் பண்ணினாலும் ஒரு சுவர் ரோஸா இருக்கும்" என்றாள் பெரியவள். "அது அப்பாவோட வியாதி" என்றான் சின்னவன். நானும் உங்களோடு சேர்ந்து சிரித்தேன். வேலை கொடுக்கும் வீட்டுக்காரர்களும் கேட்பதுண்டு, இந்த ரசனை உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று. நிறைய பத்திரிகைகள் பார்ப்பேன் என்று சொல்லிவைப்பேன். பெரிய படிப்புப் படிக்காதவன், அதற்கு மேல் கேட்டால் மாட்டிக்கொள்வேன். உங்களிடம் அப்படிச் சொல்ல மனமில்லை.

பிஜியில் ரக்கிரக்கிக்குப் பக்கத்தில் எங்கள் கரும்புத் தோட்டம். பலகையும் தகரமுமான வீடு. அதில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் அக்கா. அத்தை சின்ன வயதிலேயே புருஷனை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவள். நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள் பாயில்தான் நான் படுப்பேன். அங்குள்ள மற்ற இந்தியர்களைப் போல எங்களுக்கும் பேச்செல்லாம் ஹிந்திதான். அத்தையிடம் பேசும்போது மட்டும் அப்பாவும் அம்மாவும் தமிழுக்கு வருவார்கள். நான் ஹிந்தியில் பதில் சொன்னால் அவள் காது கேட்காதவள் மாதிரி உட்கார்ந்திருப்பாள். தமிழ் எழுத்து பிறகுதான் வந்தது, நியூசிலாந்துக்கு வந்த பின் ஆக்லாந்தில், அவள் கடிதங்களைப் படிப்பதற்காக.

இந்தியர் கை ஓங்குகிறது என்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது எனக்கு ஒன்பது வயது. பெரியவர்கள் ரேடியோவைச் சின்னச் சத்தத்தில் வைத்துக் கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சில் இரண்டு இடம் காலியானது. ஒருவன் கனடா, இன்னொருவன் சிட்னி. அப்பாவும் நியூசிலாந்தில் குடியேற எழுதிப்போட்டார். அனுமதி வந்தது. புருஷன், பெண்சாதி, பிள்ளை என்று மூன்று பேருக்கு மட்டும். கூடப்பிறந்த அக்காவை எழுத அந்தக் காகிதத்தில் கட்டமே இல்லை.

"அத்தை பின்னால வருவா" என்றார் அப்பா. வீட்டில் அதை நம்பாதவர்கள் மூன்று பேர். நம்பியவன் நான் ஒருவன்.

தோட்டமும் வீடும் சித்தப்பா குடும்பத்துக்குப் போவதாக முடிவாயிற்று. ரோட்டுப் பக்க அறை மட்டும் அத்தைக்கு, அவள் காலம் உள்ளவரை. அந்த அறையைத் தீபாவளிக்கு முன்னால் நன்றாகச் செய்துவிட வேண்டும் என்று அப்பா சொன்னார். எங்கள் பக்கம் தீபாவளி வந்தால் எல்லா வீட்டுக்கும் பெயிண்ட் அடிப்பார்கள். எங்கள் வீட்டுக்கு எப்போதும் மலிவான வெளிர்மஞ்சள்தான். அந்த வருஷம் அப்பா என்னை பஸ்ஸில் டவுனுக்குக் கூட்டிப்போய், கடையில் நிற அட்டையை என் முன்னால் விரித்தார்.

"எது வேணும்? நீயே சொல்லு."

ஒரு சட்டைக்குக்கூட என்னைக் கேட்காத மனிதர். நான் மேலும் கீழும் பார்த்து ரோஸ் நிறத்தில் விரலை வைத்தேன். "என்ன பாபு, வீட்ல கல்யாணமா?" என்று கடைக்காரர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. "அதுலயே ரெண்டு டின் குடுங்க" என்றார்.

வீட்டில் டின்னைத் திறந்ததும் அம்மா அப்பாவைத் தனியாக இழுத்தாள். "உங்களுக்குப் புத்தி இருக்கா? தாலி அறுத்தவங்க ரூமுக்கு ரோஸ் அடிச்சா ஊரு சிரிக்காதா?"

மெதுவாகத்தான் சொன்னாள். பலகை வீட்டில் மெதுவாக என்று ஒன்று ஏது? அத்தை வந்து டின்னுக்குள் எட்டிப் பார்த்தாள். எனக்குத் தெரிந்து வெள்ளையும் சாம்பலும் தவிர வேறு நிறம் உடுத்தாதவள். விரலை விட்டு எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"என் மருமவன் எடுத்த நெறம். அடிங்க."

"அதுக்கில்ல அண்ணி..."

"நான் என்ன, இதைக் கட்டிக்கிட்டுக் கடைத்தெருவுக்கா போறேன்? பாத்துக்கிட்டுப் படுக்கப் போறேன். அடிங்கடி."

பிறகு மூன்று நாள் என் ராஜ்ஜியம். அம்மாவின் பழைய மஞ்சள் புடவையைத் திரையாக்கச் சொன்னேன், ஆக்கினார்கள். கட்டிலை இப்படிப் போடு, இல்லை அப்படிப் போடு என்றேன். அப்பா முகம் சுளிக்காமல் தள்ளித் தள்ளிப் போட்டார். கடைசியாகச் சுவரில் இரண்டு ஆணி வேண்டும் என்றேன், ஒன்று மேலே, ஒன்று கீழே.

"கீழ எதுக்குடா?"

"என் ஸ்கூல் பேக்குக்கு. அத்தை அங்க வர்ற வரைக்கும் லீவுக்கு நான் இங்கதான வருவேன்?"

அப்பா ஆணியைத் தன் மார்பு உயரத்தில் சுவரில் வைத்தார். அம்மா அடுப்பைப் பார்க்கப் போனாள், அடுப்பில் எதுவும் இல்லை. அத்தைதான் சொன்னாள். "இன்னும் கொஞ்சம் கீழ அடி தம்பி. அங்க அடிச்சா அவன் கைக்கு எட்டாது."

தீபாவளிக்கு வந்தவர்களெல்லாம் அறையை எட்டிப் பார்த்தார்கள். "யாரு பண்ணது? இந்தப் பொடியனா?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் பலகாரத் தட்டைப் பார்த்தார்கள். என் திறமையைக் கண்டு வாயடைத்துப் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் கிளம்பினோம். டாக்ஸிக்குள்ளிருந்து கத்தினேன்: "சீக்கிரம் வா அத்தே! அங்கயும் உன் ரூமுக்கு நானே நெறம் எடுக்கிறேன்."

"எடுத்து வை" என்றாள்.

இரண்டு முறை அவளுக்காக எழுதிப்போட்டோம். இரண்டு முறையும் முடியாது என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அப்பா அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. நான் இந்தத் தொழிலுக்கு வந்த பின் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஒன்றுதான் கேட்பேன்: இந்த வீட்டில் தனியாகப் படுக்கிறவர் யார்? அவர் கண் விழித்ததும் எந்தச் சுவரைப் பார்ப்பாரோ, அதற்கு முதலில் நிறம் எடுப்பேன். மற்றதெல்லாம் தானாக அமைந்துவிடும். என் ரசனை என்று நீங்கள் சொல்வது இவ்வளவுதான்.

நீங்கள் கைப்பிள்ளைகளாக இருந்தபோது அத்தை இறந்த சேதி வந்தது. நான் மட்டும் போனேன். போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சித்தப்பாவின் மருமகள் அறையைத் திறந்துவிட்டாள். கதவோரம் பெயிண்ட் உரிந்திருந்த இடத்தில் அடுக்கு அடுக்காகத் தெரிந்தது. எல்லா அடுக்கும் ரோஸ்.

"ஒவ்வொரு தீபாவளிக்கும் வேற நிறம் அடிக்கலாம்னு சொல்வோம்" என்றாள் ஹிந்தியில். "விடவே மாட்டாங்க. மருமகன் வந்தா அவன் ரூமைத் தேடுவான்னு சொல்வாங்க."

அவள் போன பிறகு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். சின்ன வயதில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை அந்த நிற அட்டை என்று அதுவரை நினைத்திருந்தேன். ஒரு மனுஷியை விட்டுவிட்டுப் போகிற இடத்துக்கு நிறம் எடுக்க அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கை வரவில்லை. அதனால்தான் அந்த வேலை, எதுவும் தெரியாத ஒன்பது வயதுக்காரன் கைக்கு வந்தது. அத்தைக்கு அது அன்றே தெரியும்.

தீபாவளிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. பஸ் ஏறி டவுனுக்குப் போய் அதே ரோஸில் ஒரு டின்னும் ஒரு பிரஷ்ஷும் வாங்கி வந்தேன். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. நாலு சுவரையும் அடித்து முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. வெளிக்குழாயில் பிரஷ்ஷைக் கழுவினேன். அன்றைக்கு அந்த அறையில் படுக்க யாரும் இல்லை. இருந்தாலும் உள்ளே போய், பெயிண்ட் வாசனை போகட்டும் என்று ஜன்னலைத் திறந்துவைத்தேன்.