பயிற்சியாளருக்குக் கொடுத்த தேத்தண்ணி

என் மகளுக்குப் பதினாறு வயதாக இருந்தபோது அவளுடைய கூடைப்பந்துப் பயிற்சியாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்போது ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு பேஸ்மென்டில் குடியிருந்தோம். சனிக்கிழமைகளில் நான் அவளை ரியூசனுக்கு அனுப்பியதால் பயிற்சி தவறிக்கொண்டிருந்தது. அதைப் பற்றிப் பேசத்தான் வந்தார். அமெரிக்காவின் தென்பகுதியில் பிறந்து, கல்யாணம் கட்டி ரொறன்ரோவுக்கு வந்த கறுப்பின மனிதர். வயது எழுபதை நெருங்கியிருக்கும். கூடவே பள்ளிக்கூடத்து இளம் ஆசிரியை ஒருத்தி, வெள்ளைக்காரி. எங்கள் கூரை அவருடைய உயரத்துக்குத் தாழ்வு. தலையைக் குனிந்தபடியே, யாரும் சொல்லாமல் சப்பாத்தைக் கழற்றி வைத்தார்.

தேத்தண்ணி போட்டேன். ஆசிரியைக்கு, விருந்தினருக்கென்று வைத்திருந்த பூப்போட்ட கோப்பை. அவருக்கு, மகளின் பிறந்தநாளில் மிஞ்சிய கடதாசிக் கப். யோசித்துச் செய்தேன் என்றால் பொய். யோசிக்காமல் செய்தேன் என்றாலும் பொய். ஊரில் எங்கள் வீட்டுக்குக் கூலிவேலைக்கு வந்தவர்களுக்குத் தனியாகத் தகரப் பேணி வைத்திருந்தோம். அந்தப் பழக்கம் என்னோடு விமானம் ஏறி வந்திருக்கிறது. கோப்பை போதாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அலுமாரியில் இன்னும் நான்கு இருந்தன.

அவர் அதை இரண்டு கைகளாலும் வாங்கி, மிச்சம் வைக்காமல் குடித்தார். நன்றி சொன்னார். பிள்ளை நன்றாக விளையாடுகிறாள் என்றும், படிப்பு கெடாமல் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். நான் சம்மதித்தேன். அதன் பிறகு இரண்டு வருடங்கள், பயிற்சி முடிந்ததும் அவளைக் காரில் கொண்டுவந்து வாசலில் விடுவார். நான் ஒருநாளும் உள்ளே கூப்பிடவில்லை. அவரும் வரவில்லை.

சென்ற மாதம் அவர் காலமானார். பள்ளிக்கூட ஜிம்மில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த அவருடைய தம்பி பேசினார். அண்ணன் படித்த கல்லூரியின் அணியில் விளையாடிய முதல் கறுப்பின மாணவர் அவர்தானாம். எனக்கு அன்றுவரை தெரியாது, கேட்டதும் இல்லை. வெளியூர் ஆட்டங்களுக்குப் போனால் மற்றப் பையன்கள் சாப்பாட்டுக் கடைக்குள் மேசையில் இருந்து பீங்கானில் சாப்பிடுவார்களாம். இவருக்குப் பின்கதவால் கடதாசிப் பையில் கொடுப்பார்களாம். பஸ்ஸுக்குள் தனியே இருந்து சாப்பிட்டுவிட்டு, அதே பையன்களோடு ஆடப் போவாராம். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கை எழும்பவில்லை.

நான் அந்தக் கப்பை நீட்டிய கணமே அவருக்கு விளங்கியிருக்கும். விளங்கியும் என் பிள்ளைக்காகக் குடித்திருக்கிறார். இத்தனை வருடங்களில் ஒருதரமாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வெட்கம்கூட எனக்கு, அவர் போன பிறகுதான் வந்தது.

மகள் இப்போது ரொறன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில்லில் இருக்கிறாள். நினைவுக் கூட்டத்திலிருந்து திரும்பும்போது அவள்தான் கார் ஓட்டினாள்.

"அண்டைக்கு அவருக்கு நான் கடதாசிக் கப்பிலை..." என்று தொடங்கினேன்.

"ஐ நோ, அம்மா. நான் பாத்தனான்."

"அப்ப ஏன் பிள்ளை எனக்கு ஒண்டும் சொல்லேல்லை?"

"அதுக்குப் பிறகு நான் ஒரு பிரெண்டையும் வீட்டை கூட்டிக்கொண்டு வரேல்லை. டிடின்ட் யூ நோட்டிஸ்?"

கவனித்திருந்தேன். என் பிள்ளை மற்றப் பிள்ளைகள் மாதிரி சிநேகிதம், அது இது என்று அலைவதில்லை என்று கண்டவர்களிடமெல்லாம் பெருமையடித்துத் திரிந்திருக்கிறேன்.