பிஷப்புக்குத் தண்ணீர் ஏலம்

“ஒரு வாய், ஒரு வாய், ஒரே ஒரு வாய். நல்ல கிணத்துத் தண்ணி, ஐஸ் போட்டது. கேக்குறவங்க கேக்கலாம். ஒரு தரம்…”

காலைக் காப்பி ஆறுவதற்குள் டெல்மர் ஹாகன் சமையலறைத் தரையில் மண்டி போட்டு ஏலத்தை ஆரம்பித்துவிடுவார். கேட்க வந்திருப்பது ஒரே ஒரு பூனை. கறுப்பு உடம்பு, பாதிரியார் அங்கி மாதிரிக் கழுத்தில் வெள்ளைப் பட்டை. அதனால் பெயர் பிஷப். அது கிண்ணத்தைப் பார்க்கும், டெல்மரைப் பார்க்கும், பிறகு பின்னங்காலைத் தூக்கி நக்க வேண்டிய இடத்தை நக்கத் தொடங்கும். “ரெண்டு தரம்” என்பார் டெல்மர். அதற்குமேல் அந்த ஏலம் ஒரு நாளும் போனதில்லை.

அமெரிக்காவில், மேற்கு விஸ்கான்சினில், மாவட்டம் மாதிரி நாலு கவுண்டிக்கும் அவர்தான் ஏலக்காரர். மாடு, டிராக்டர், செத்தவர் வீட்டுச் சாமான் எல்லாம் அவர் வாயால் விலைபோனவை. ஒற்றைக் கொம்பு மாட்டை, “ஒரு பக்கம் பயமில்லாம நிக்கலாம்” என்று சொல்லி விற்றவர். பாதிக் கட்டை விழுந்த பியானோவைத் தேவாலயத்தின் தலையிலேயே கட்டியவர். வண்டி ஓட்டும்போதும் சும்மா இருக்க மாட்டார். சாலையோரத்து வேலிக் கம்பங்களை ஏலம் விட்டுக்கொண்டே போவார். விதைக் கம்பெனிக்காரன் இலவசமாகக் கொடுத்த தொப்பியைத் தேவாலயத்தில் மட்டும்தான் கழற்றுவார். விவாகரத்தில் மனைவி படகை எடுத்துக்கொண்டு பூனையை இவருக்கு விட்டுவிட்டுப் போனாள். எது லாபம் என்று கேட்டால், “படகு சொன்ன பேச்சக் கேக்கும்” என்பார்.

அவருடைய ஏல நோட்டீஸ்களில் மாட்டின் படம் சின்னதாகவும் அவர் சிரிக்கும் படம் பெரிதாகவும் இருக்கும். அந்தப் பற்கள் அப்படி. வெள்ளை வெளேரென்று வரிசை பிசகாமல் இருக்கும். இருக்காதா பின்னே, மேலும் கீழும் முழுப் பல் செட். ஒரு கிடாரி தலையை ஆட்டியதில் முன்பல் நாலு போயிற்று. மிச்சத்தை மிட்டாயும் சோம்பலும் பார்த்துக்கொண்டன. தெரிந்தவர் யாரும் இல்லாத ஊருக்குப் போய்க் கட்டிக்கொண்டு வந்தார். விஷயம் முன்னாள் மனைவிக்கு மட்டும் தெரியும், அவளும் படகோடு அரிசோனா பக்கம் போய்விட்டாள்.

அதை அப்படியே புதைத்துவிட்டிருக்கலாம். மார்லிஸ் வந்து கெடுத்தாள். மார்லிஸ் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். புருஷன் போய்ச் சில வருடம் ஆகிறது. ஊர் கூடிச் சாப்பிடும் ஒரு வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்தின்போது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: “எங்க வீட்டுக்காரருக்கு அம்பதுலயே எல்லாம் போச்சு. ராத்திரி டம்ளர்ல பல்லப் பாத்தாலே எனக்குக் குமட்டிக்கிட்டு வரும். உங்களப் பாருங்க, கடவுள் போட்டது போட்டபடி இருக்கு.”

உண்மையைச் சொல்ல நல்ல சந்தர்ப்பம். டெல்மர், “நான் பால் நிறையக் குடிப்பேன்” என்றார்.

அன்று பிடித்தது சனி. ஆகஸ்டில் ஊரே சோளக்கதிரைக் கையில் பிடித்துக் கடித்துத் தின்னும்போது, “சோளம் எனக்கு ஒத்துக்காது” என்று உருளைக்கிழங்கு சாலடோடு ஒதுங்கிக்கொள்வார். உண்மையில் சோளம் என்றால் அவருக்கு உயிர்; கடித்தால் செட் கதிரோடு வந்துவிடுமே என்றுதான் பயம். சந்தையில் யாராவது பல்லில் ஒட்டும் பாகு பூசிய கேரமல் ஆப்பிள் கொடுத்தால் நண்பன் ரோஜர் கையில் திணித்துவிட்டு நகர்ந்துவிடுவார். ரோஜர் அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

இந்தப் பக்கம் பூனையின் சிறுநீரில் மணல் சேர ஆரம்பித்தது. “எப்படியாவது தண்ணி குடிக்க வைங்க. ஆண் பூனைக்கு அடைச்சுக்கிட்டா உயிருக்கே ஆபத்து” என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். டெல்மர் அகலக் கிண்ணம் வாங்கினார், கண்ணாடிக் கிண்ணம் வாங்கினார். மோட்டார் வைத்து ஊற்று மாதிரி பொங்கும் பாத்திரம் ஒன்று தபாலில் வந்தது; அது போட்ட சத்தத்தில் பிஷப் சாப்பாட்டு நேரம்வரை கட்டிலுக்கு அடியில் கிடந்தது. டூனா மீன் டப்பாத் தண்ணீர், உப்பில்லாத கோழிச் சாறு, எல்லாம் வைத்துப் பார்த்தார். அறைக்கு ஒரு கிண்ணம் வைத்ததில் கண்ட பலன், ரோஜரின் காலுறை நனைந்ததுதான். ஏலமும் அப்போது தொடங்கியதுதான்.

பிறகு ஈறில் புண் வந்த ஒரு மத்தியானம், சாப்பிட்ட கையோடு பல் செட்டைக் கழற்றி ஒரு கிளாஸ் தண்ணீரில் போட்டுவிட்டுச் சற்றுக் கண்ணயர்ந்தார். சளக் சளக் என்று சத்தம். கண்ணைத் திறந்தால் பிஷப் கிளாஸுக்குள் முகத்தை விட்டுப் பற்களுக்கு மேலே ஆனந்தமாக நக்கிக்கொண்டிருக்கிறது. டெல்மருக்கு முதலில் அருவருப்பு. கிளாஸ் பாதியானதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மறுநாள் பெட்டியில் கிடந்த பழைய செட்டைப் போட்டு வைத்தார். பிஷப் மோந்து பார்த்து அவமானப்பட்டதுபோல் எழுந்து போயிற்று. வாயிலிருந்து அப்போதே கழற்றிய, மீனோ கறியோ மணக்கிற பல்தான் வேண்டுமாம். பல் கழுவும் மாத்திரையை அன்றோடு குப்பையில் போட்டார். சாயங்காலச் சாப்பாடு முடிந்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பூனைக்குப் பந்தி வைப்பார். என்ன வைத்தியம் செய்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டதற்கு, “காலுல விழுந்து கெஞ்சினேன்” என்றார்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஆனால் மார்லிஸ் சாயங்காலங்களில் வரத் தொடங்கினாள். சாப்பிடுவாள், பேஸ்பால் ஆட்டம் பார்ப்பாள், போக மாட்டாள். அவள் போக வேண்டும் என்று அவருக்கும் ஆசையில்லை. பல் வாயிலேயே இருந்தது. காதல் வளர வளரப் பூனைக்குத் தண்ணீர் குறைந்தது. ஒரு காலை பிஷப் மணல் தட்டில் நின்றபடி கத்தியது. ஒரு சொட்டும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் குழாய் போட்டு எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா, “இன்னொரு தடவ அடைச்சா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது” என்றாள். திரும்பும் வழியில் டெல்மர் ஒரு வேலிக் கம்பத்தைக்கூட ஏலம் விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பிஷப் நேரே அடித்தளத்தில் வீட்டைச் சூடாக்கும் அடுப்புக்குப் பின்னால் கை எட்டாத சந்தில் போய்ப் பதுங்கிக்கொண்டது. ராத்திரி முழுக்க வரவில்லை. மறுநாள் ஞாயிறு, சீட்டாட்ட முறை அவர் வீட்டில். ரோஜரும் அவன் மனைவி ஜூடியும் வேகவைத்த சோளமும் வெண்ணெயுமாக வந்து வலைபோட்ட வராந்தாவில் கடை பரப்பினார்கள். மார்லிஸ் உட்கார்ந்ததும் பிஷப் எங்கிருந்தோ தள்ளாடி வந்து அவள் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது.

“தூக்காதீங்க, மறுபடி சந்துக்குள்ள போயிடும்” என்றார் டெல்மர். எழுந்து குளியலறைக்குப் போனார். பல்லைக் கழற்றித் தண்ணீரில் அலசினார், மறுபடி மாட்டிக்கொண்டார், அந்தத் தண்ணீரைக் கிளாஸோடு கொண்டுவந்து நீட்டினார். பிஷப் மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. இன்னும் கொஞ்ச நேரம் ஊறவைத்தால் ஏமாறுமோ என்று இரண்டாவது தடவையும் போய்வந்தார்.

“டேய், பூனைக்கு வந்தது உனக்கும் வந்துடுச்சா?” என்றான் ரோஜர். “டாக்டரம்மாகிட்ட ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே குழாயாப் போடச் சொல்லு.”

யாரும் சீட்டைத் தொடவில்லை. டெல்மர் வராந்தாத் தரையில் மண்டி போட்டார். “ஒரு வாய், ஒரு வாய்” என்று ஆரம்பித்தார். இந்தத் தடவை ரெண்டு தரம்வரைகூடப் போகவில்லை.

“மூக்கெல்லாம் காஞ்சு கெடக்கு” என்றாள் மார்லிஸ், பூனையைத் தடவியபடி. “வந்ததுலேருந்து ஒரு சொட்டுகூட உள்ள போகலியா?”

“இல்ல.”

“முன்ன குடிச்சுதுல்ல? எதுல ஊத்திக் கொடுத்தீங்க? அதையே கொண்டாங்களேன்.”

டெல்மர் ரோஜரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவ்வளவு ஆசையாகவும் அவ்வளவு பயமாகவும் அவர் யாரையும் பார்த்ததில்லை. தேவாலயத்தில் மட்டும் கழற்றும் தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்தார். மேல் செட்டை எடுத்துக் கிளாஸில் போட்டார். கீழ் செட்டையும் போட்டார். கன்னம் இரண்டும் உள்ளே போயின.

“அடப்பாவி” என்றான் ரோஜர். “அப்ப எனக்குக் குடுத்த ஆப்பிளெல்லாம்…” ஜூடி மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்தாள்.

டெல்மர் கிளாஸை நீட்டினார். கை நடுங்கி மார்லிஸின் பாவாடையில் தண்ணீர் சிந்தியது. பிஷப் தலையைத் தூக்கி, மீசை விறைக்க, கிளாஸைத் தேடி எட்டியது, எட்டவில்லை. மார்லிஸின் முகம் வெளுத்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நிமிடம் தோட்டத்தைப் பார்த்தாள்.

“கைய ஆட்டாதீங்க, கொடுங்க இப்படி” என்று கிளாஸைப் பிடுங்கிப் பூனையின் முகத்துக்கு நேரே அசையாமல் பிடித்தாள், பார்வை மட்டும் இன்னும் தோட்டத்திலேயே.

சளக் சளக். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கிளாஸ் காலியாகும்வரை பல்லைக் கேட்க முடியாது. டெல்மர் மெல்ல எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தார். குவித்து வைத்திருந்ததில் பெரிய கதிராக ஒன்றைப் பொறுக்கி, தட்டில் நிமிர்த்தி நிறுத்தி, கத்தியால் சோளத்தை மேலிருந்து கீழாகச் சீவத் தொடங்கினார்.