“அது என் பிழை” என்ற டாக்டர் முனவ்வர்

பண்டாரவளைச் சந்தையில் லீக்ஸ் வாங்கிக்கொண்டிருந்தபோது பரீனாவின் அழைப்பு வந்தது. சத்திரசிகிச்சைக் கூடத்தில் என்னோடு வேலை செய்யும் தாதி அவள். “அக்கா, முனவ்வர் சேர் காலையில மௌத்தாயிட்டாராம்” என்றாள். சேர் இறந்துவிட்டார் என்றதும், வாங்கிய பையைக் கடையிலேயே மறந்துவிட்டுப் பதுளை பஸ்ஸில் ஏறினேன்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த உங்களில் பலருக்கு அவர் கை பட்ட சத்திரசிகிச்சைத் தழும்பு இருக்கும். அவருடைய கோபமும் தெரிந்திருக்கும். கத்தரிக்கோலை நீட்ட நான் சற்றுத் தாமதித்தாலும் முறைப்பார். நான் சொல்ல வந்தது வேறொன்று.

நமுனுகுலப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் மல்லிகாவுக்கு ஈரலில் கட்டி. புற்றுநோய் இல்லை. ஆனாலும் வளர்ந்துகொண்டே இருந்தது, வெடித்தால் ஆபத்து. “பெருசா வெட்ட மாட்டேன். நாலு சின்னத் துளை போட்டு, கேமரா விட்டு எடுத்துடுவேன். சீக்கிரமே கொழுந்து பறிக்க மலைக்குப் போகலாம்” என்றார் சேர்.

“நெசமாவாங்க?”

“நெசமாத்தான்.”

கட்டியைப் பிரிக்கும்போது இரத்தம் பீறிட்டது. திரை முழுவதும் சிவப்பு. “திறப்போம்” என்றார், தயங்காமல். விலாவுக்குக் கீழே நீளமாக வெட்டித்தான் இரத்தத்தை நிறுத்தினார், கட்டியையும் எடுத்தார்.

மறுநாள் மல்லிகா காயத்தின் மேல் போட்ட கட்டைத் தடவிப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். சேர் கட்டிலருகே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நாலு துளைன்னு சொன்னேன், முடியல. முடியாமப் போகலாம்னு முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லாதது என் பிழை.”

“உசுரோட இருக்கேனே சேர்” என்றவள் அப்புறம்தான் அழுதாள். “இனிமே கூடை தூக்க முடியுமாங்க?”

“இப்ப கூடாது. காயம் நல்லா ஆறட்டும், அப்புறம் முடியும். தோட்டத்துக்கு நான் கடிதம் எழுதுறேன்.”

கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே காரோட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணையில் அவளுக்கு உட்கார்ந்து செய்யும் வேலை கிடைத்த பிறகுதான் திரும்பினார். சில மாதங்களில் மல்லிகா மறுபடி மலைக்கு ஏறினாள்.

அதன்பின் ஒவ்வொரு நோயாளியிடமும் சொன்னார்: “சின்னதா முடிக்கத்தான் பார்ப்பேன். முடியலைன்னா பெருசா வெட்டுவேன். ரெண்டுக்கும் சம்மதமா?” சிலர் எழுந்து போய்விடுவார்கள். “பயந்துடுறாங்க சேர்” என்றேன் ஒருநாள்.

“பயப்படட்டும் மிஸ். தெரிஞ்சுக்கிட்டுத் திரும்பி வரட்டும்.”

பெரும்பாலோர் திரும்பி வந்தார்கள்.

சம்மதத் தாளை நீட்டும்போது முன்பெல்லாம் பேனாவையும் சேர்த்தே நீட்டுவேன். இப்போது அவர்கள் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடிக்கும்வரை பேனாவை என் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறேன். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அதுதான்.