சாவிக்கார அக்காவுக்கு வைத்த பெயர்கள்

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, புதுச் சாவியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்கிறார். ஒரு பல் துருத்துகிறது. அரத்தால் இரண்டு இழுப்பு. "இந்தாங்க. இதுக்கும் தொறக்கலன்னா கதவு மேலதான் தப்பு."

பல்கலைக்கழக மதிலோரம் ஒரு மரப்பெட்டி, ஒரு குடை, கம்பியில் கோத்த சாவிகள். முப்பது வருடமாகச் சாவிக்கார அக்காவின் பட்டறை இதுதான். மதிலுக்கு உள்ளே பொருளாதாரத் துறை. அங்கிருந்து வருகிறவர்கள் சாவி கேட்பதில்லை, கேள்விதான் கேட்கிறார்கள்.

முதலில் வந்தவர் 'வேலையற்றவர்' என்று எழுதினார். "அப்ப கையில இருக்கிறது விசிறியாங்க?" என்று அரத்தைக் காட்டினாராம் அக்கா. அடுத்தவர் 'முறைசாராத் துறை' என்றார். அதற்கடுத்தவர், சட்டத்துக்கு ஒளிந்து வாழும் 'நிழல்' என்றார். "நடுத்தெருவுல உக்காந்திருக்கேன், எங்கங்க ஒளியறது?" கடைசியாக வந்த பெண் 'தொழில்முனைவோர்' என்று கைகுலுக்கிவிட்டுப் போனார். குடை மட்டும் அதே ஓட்டைக் குடை.

சென்ற மாதம் அங்கே மாநாடு: 'முறைசாரா உழைப்பு: ஐம்பது ஆண்டுச் சிந்தனை'. விருந்தினர் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று, காலையிலேயே காவலாளிகள் அக்காவைப் பின்தெருவுக்கு விரட்டிவிட்டார்கள். அலமாரிச் சாவிக்காக நின்றிருந்த நானும் குடையைத் தூக்கிக்கொண்டு கூடவே போனேன்.

ஒன்பதரைக்குப் பொருளாதாரத் துறைப் பேராசிரியர் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். அரங்கின் பூட்டுக்குள் சாவி முறிந்துவிட்டது; இருநூறு அறிஞர்கள் வெயிலில் நிற்கிறார்கள்.

"சீக்கிரம் வாங்கம்மா!"

"காலையில போன்னீங்க. இப்ப வாங்கன்னு சொல்றீங்க."

"அது நிர்வாகம்மா. நாங்க ஆய்வு மட்டும்தான்."

"அப்ப நிர்வாகத்தையே வரச் சொல்லுங்க. என் இடத்துல இனிமே என்னை யாரும் எழுப்பக் கூடாது. எழுதிக் குடுங்க. எழுதறதுக்கு உங்களுக்குச் சொல்லியா தரணும்?"

பதிவாளர் வந்தார். மாநாட்டு அழைப்பிதழின் முதுகிலேயே எழுதி, கையெழுத்திட்டு, முத்திரையும் குத்தினார். அக்கா என்னிடம் கொடுத்து இரண்டு முறை படிக்கச் சொன்னார். பிறகுதான் எழுந்தார்.

முறிந்த துண்டை எடுத்து, அங்கேயே புதுச் சாவி ராவி, கால்மணி நேரத்தில் கதவைத் திறந்துவிட்டார். அறிஞர்கள் முண்டியடித்து உள்ளே போனார்கள். மேடைத் திரையில் ஆளுயரப் புகைப்படம்: அரமும் கையுமாக அக்கா!

"அட, நானு!" என்று ஓரடி எடுத்து வைத்தார். வாசலில் நின்ற பெண் பணிவாகக் கைநீட்டி மறித்தாள். "மேடம், பதிவு அட்டை இருக்கா?"

அக்கா அவளைப் பார்த்தார். உள்ளங்கையில் ஒட்டியிருந்த உலோகத்தூளை வாசலில் விரித்திருந்த சிவப்புக் கம்பளத்தின் மேல் நிதானமாக ஊதிவிட்டுப் படியிறங்கினார்.