பின்னறைக் கதவின் குமிழ்

வெள்ளைப் பீங்கான் கதவுக் குமிழ் ஒன்று எங்கள் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. கோழிமுட்டையை விடச் சற்றுப் பெரிது. ஒரு பக்கத்தில் மெல்லிய வெடிப்பு. எடுத்து உள்ளே வையுங்கள் என்று மனைவி பலமுறை சொல்லிவிட்டாள். எனக்குத்தான் அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

தந்தவர் ஒரு பழைய வீட்டின் முன்னாள் சொந்தக்கார அம்மையார். இங்கே கனடாவில், அஜக்ஸ் நகருக்கு வடக்கே அவருடைய முன்னோர் காடு வெட்டி, மரக்குற்றிகளை அடுக்கிக் கட்டிய வீட்டைப் பழையபடி திருத்தும் வேலை என் பொறுப்பில் இருந்தது. பின்னால் வந்த தலைமுறை ஒன்று பலகையால் சமையலுக்கு ஒரு குசினியும் சின்ன அறையும் ஒட்டிக் கட்டியிருந்தது. அவற்றை வைப்பதா, இடித்து எடுப்பதா என்று வீட்டை வாங்கிய திருத்தக் குழு என்னைக் கேட்டது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் நினைத்த நேரம் இடித்துக் கட்டுவது பின்பக்கத்துக் குசினியைத்தான். வீடு என்றால் முன்வீடு. அதே நினைப்பில், பெரிய விஷயம் தெரிந்தவன் போல, எடுத்துவிடலாம் என்றேன். ஒரு காலைப்பொழுதில் வேலை முடிந்தது.

அன்று மத்தியானமே அம்மையார் வந்தார். ஒரே சேறு, ஊன்றுதடியோடு அவரால் வீட்டின் பின்பக்கம் போக முடியவில்லை. வாசலில் நின்றபடியே துவாயில் சுற்றிய குமிழை நீட்டினார். வீட்டை விற்ற அன்று பின்னறைக் கதவிலிருந்து கழற்றிக்கொண்டு போனதாம். அவருடைய தாய் கடைசிப் பனிக்காலம் முழுதும் அந்த அறையில்தான் படுத்திருந்தாராம். மழைக்கு அந்தக் கதவு இறுகும், தாய் விழிக்காமல் அதைத் திறக்கத் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று சொல்லிச் சிரித்தார். அறையின் பலகைகள் அப்போது பின்வளவில் முழுசாகவே குவிந்து கிடந்தன. ஏற்றிப்போக லொறி இன்னும் வரவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் திரும்பக் கட்டியிருக்கலாம். குழுவின் முன் முட்டாளாக நிற்கப் பயந்து, கட்டாயம் பொருத்திவிடுகிறேன் என்று குமிழை வாங்கிக்கொண்டேன்.

மனைவியிடம் சொன்னேன். "உங்கடை அம்மா கிடந்த அறையை ஆரும் இடிச்சுப்போட்டு இப்பிடிப் பொய் சொன்னா, நீங்கள் சும்மா விடுவியளே?" என்றாள். அம்மையார் இடையிடையே தொலைபேசியில் அழைப்பார். மழைக்கு இன்னும் இறுகுகிறதா என்பார். இறுகத்தான் செய்கிறது என்பேன். சொல்லிச் சொல்லி அந்தப் பொய் எனக்கு வாலாயமாகிவிட்டது.

திருத்திய வீட்டின் திறப்பு விழாவுக்கு அம்மையாரை அவருடைய மகள் சக்கர நாற்காலியில் கூட்டிவந்தாள். எனக்குப் பூங்கொத்துத் தந்து கைதட்டினார்கள். அம்மையார் தன்னைப் பின்பக்கம் தள்ளிப் போகும்படி மகளிடம் சொன்னார். நானும் போனேன். அங்கே புதிதாகப் பதித்த புல் மட்டுமே இருந்தது. அதை நெடுநேரம் பார்த்தவர், திரும்பாமலே, "மழைக்கு இன்னும் இறுகுகிறதா?" என்று கேட்டார். தொலைபேசியில் கேட்கும் அதே குரல்.

என் காதெல்லாம் எரிந்தது. கோட்டுப் பைக்குள் குமிழைப் பிடித்தபடி நின்றேன். அதை வெளியே எடுக்கவில்லை. நினைக்க இப்போதும் கூசுகிறது.

இன்று விடிந்ததிலிருந்து மழை. குமிழைக் கையில் எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்பவும் மேசையில் வைத்தேன். அம்மையார் அழைத்தால் உண்மையைச் சொல்லிவிடுவேன். அவர்தான் விழாவுக்குப் பிறகு அழைப்பதில்லை.