ஹெட்லைட்டில் வளர்ந்த கொசு

என் கணவர் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் சூப்பர்வைசர். சூளையிலிருந்து வரும் சாமானை விரலால் சுண்டிப் பார்ப்பார். கணீரென்றால் நல்லது, மந்தமாகக் கேட்டால் விரிசல். வீட்டிலும் அதே பழக்கம்தான். தேங்காய், தட்டு, தண்ணீர்த் தொட்டி, எதையும் சுண்டாமல் விடமாட்டார்.

எங்களிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. ஒருமுறை திட்டக்குடி போய்த் திரும்பும்போது, முன்னால் போன லாரியிலிருந்து கல் தெறித்து இடது பக்க ஹெட்லைட்டில் அடித்தது. அவர் இறங்கிப் போய்ச் சுண்டினார்.

“சத்தம் நல்லாத்தான் இருக்குது. ஒண்ணும் ஆவல.”

கண்ணாடியின் மேல் ஓரத்தில் விரிசல் எனக்கு நன்றாகவே தெரிந்தது. சொன்னேன். கேட்கவில்லை.

மழை தொடங்கியதும் உள்ளே தண்ணீர் முத்து முத்தாக நின்றது. அவர் காருக்கு அடியில் படுத்துப் பார்த்து, விளக்கின் கீழே ஒரு சின்ன ஓட்டையைக் கண்டுபிடித்தார்.

“இதோ பாரு, இது வழியாத்தான் தண்ணி ஏறுது.”

“கீழேருந்து மேல ஏறுமாங்க?”

“வண்டி போற வேகத்துல ஏறும்.”

குழாய் ஒழுகினால் அடைக்கிற பசையை வைத்து ஓட்டையை அழுத்தி அடைத்தார். உள்ளே வரும் தண்ணீர் வடிவதற்கென்றே வைத்த ஓட்டை அது. ஐப்பசி பிறப்பதற்குள் விளக்கு பாதி நிறைந்துவிட்டது. பிரேக் போட்டால் உள்ளே அலை அடிக்கும். புது லைட் போடலாம் என்றால், “நாம பகல்லதானே போறோம், வெயில் வந்தா காஞ்சிடும்” என்பார். வெயில் வரவில்லை.

ஊர் முழுக்க சிக்குன்குனியா என்ற மூட்டுக் காய்ச்சல் வந்த வருஷம் அது. பெயரில் சிக்கன் இருக்கிறது என்று எங்கள் தெருவில் பாதிப் பேர் கோழிக்கறியை விட்டார்கள். அப்படியும் முட்டி வீங்கி, வளைந்து வளைந்துதான் நடந்தார்கள். என் கணவரும் படுத்து எழுந்தார். சட்டைப் பொத்தானைக்கூட நான்தான் போட்டுவிட வேண்டியிருந்தது. என்னை மட்டும் ஏனோ அது தொடவில்லை.

ஒரு காலையில் நகராட்சியிலிருந்து கொசு பார்க்கும் அம்மா டார்ச்சோடு வந்தார். மழை மூட்டத்தில் பகலே இருட்டாக இருந்தது. பூந்தொட்டி, ஃபிரிட்ஜின் பின் தட்டு, கவிழ்த்த ஆட்டுக்கல் எல்லாம் பார்த்துவிட்டு, “வூட்ட ரொம்ப சுத்தமா வெச்சிருக்கீங்க” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வழியனுப்பப் போனேன். அவர் காருக்கு முன்னால் நின்றுவிட்டார்.

“இது என்னாங்க?”

“ஹெட்லைட்டுங்க.”

“உள்ள நீந்துதுங்களே?”

குனிந்து பார்த்தேன். நூற்றுக்கணக்கில் கொசுப்புழு. குவிந்த கண்ணாடியில் ஒவ்வொன்றும் இறால் மாதிரி தெரிந்தது.

டயரில், கொட்டாங்குச்சியில் எல்லாம் பார்த்திருக்கிறாராம், இதில் பார்த்ததே இல்லையாம். கூட வந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அதற்குள், கணவர் துபாயில் இருக்கும் பக்கத்து வீட்டு அக்கா தன் மாமனாரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்துவிட்டார்.

“ஏம்மா, ஒரு மாசமா இவரு முட்டியப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்காரு. இங்கேருந்துதான் வந்துச்சா?”

தெருவே நொண்டி நொண்டி வந்தது. வரிசையில் நின்று, ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார்கள். “லைட்டப் போடுங்க தம்பி, நல்லாத் தெரியும்” என்றார் மாமனார். என் கணவர் நல்ல மனசோடு போட்டார். அது எரிந்தும் தொலைத்தது. எதிர்ச் சுவர் முழுக்க நிழல்கள் நெளிந்தன.

“அணைங்க சார்!” என்று கத்தினார் கொசு அம்மா. “இன்னைக்கே கழட்டணும். நான் இங்கதான் நிக்கப்போறேன்.”

மெக்கானிக்குக்குப் போன் போட்டோம். புது லைட்டோடு ஆட்டோவில் வந்தார், ஆனால் அவரும் காய்ச்சல்காரர். விரல்களெல்லாம் வீங்கி, ஸ்குரூ டிரைவர் பிடியில் நிற்கவில்லை. கூட்டத்தில் மணிக்கட்டு திரும்புகிற ஆளைத் தேடினோம். நான்தான் மிஞ்சினேன்.

மெக்கானிக் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் செய்தேன். பின்னால் வயரை உருவினேன். ரப்பர் மூடியை இழுத்தேன். பல்பைப் பிடித்திருந்த கம்பியைத் தள்ளி அதை எடுத்தேன். துரு ஏறிய போல்ட்டுகள் அழ வைத்துவிட்டன. கடைசியில் விளக்கு மொத்தமாகக் கையோடு வந்தது, தண்ணீரும் புழுவும் என் புடவை மேல் வந்தன. கொசு அம்மா ஓடி வந்து என் மேலேயே மருந்து அடித்தார்.

“புது பல்பு கண்ணாடில வெரல் படக் கூடாதும்மா. எண்ணெப் பசை பட்டா சூட்டுல போயிடும்” என்றார் மெக்கானிக். புது லைட்டைப் பொருத்தி, பல்பைக் கர்ச்சீப்பில் பிடித்து மாட்டினேன். எரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

இரண்டு வெளிச்சமும் ஒரே உயரத்தில் விழ வேண்டும் என்று காரைச் சுவரைப் பார்த்து நிறுத்தி, பின்னாலிருந்த திருகைத் திருப்பினேன். “மேல ஏத்துங்க”, “எறக்குங்க”, “அய்யய்யோ, எங்க வூட்டு மாடிக்குப் போவுது” என்று தெரு முழுக்க யோசனை சொன்னது. கையைத் தூக்கிக் காட்டத்தான் ஒருவராலும் முடியவில்லை.

அடுத்த வாரம் அந்த அம்மா மறுபடி வந்தார். பூந்தொட்டிப் பக்கமே போகவில்லை.

“எங்க ஜீப்புல ஒரு லைட்டு எரியல. நீங்க கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?”

ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போனேன். தண்ணீராகத்தான் இருக்கும் என்று நினைத்து ரப்பர் மூடியைக் கழற்றினேன். உள்ளே பல்பே இல்லை.